புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்: அமெரிக்காவில் யார் வாங்கலாம், யார் விற்கலாம்?

போலீசுக்கும் செக்யூரிட்டி கம்பெனிகளுக்கும் கவச உடை விற்கும் கடையில் ஆவணம் சரிபார்ப்பது என் வேலை. நான் வக்கீல் இல்லை. கைது, வழக்கு என்று போய்விட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எழும் சந்தேகங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

அண்ணா, நியூஜெர்சி எடிசனில் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். நைட் ஷிஃப்டுக்கு ஒரு ஜாக்கெட் வாங்க லைசன்ஸ் வேண்டுமா?

வேண்டாம். துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனை இதற்குக் கிடையாது. வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெறாத எவரும் வாங்கலாம், போட்டுக்கொள்ளலாம். அதைப் போட்டுக்கொண்டு குற்றம் செய்தால்தான் நியூஜெர்சியில் அது தனிக் குற்றமாகச் சேரும். IIIA லெவல் போதும். கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும், சட்டைக்குள் அடங்கும். ரைஃபிள் குண்டைத் தாங்கும் III, IV பிளேட்டுகளை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கல்லாவில் உட்கார முடியாது.

என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்குப் பழைய அடிதடி கேஸில் தண்டனை உண்டு. பணம் எடுத்துக்கொண்டு பேங்க் போகிறவன். நானே வாங்கிக் கொடுத்தால்?

அவசரப்படாதீர்கள். வன்முறையான ஃபெலனியில், அதாவது கடும் குற்றத்தில், தண்டனை பெற்றவர் கவச உடையை வாங்குவது, சொந்தமாக வைத்திருப்பது, கையில் வைத்திருப்பது மூன்றும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பு, 931ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை. "என் காசில் வாங்கினேன், அவன் போட மட்டும்தான் செய்தான்" என்ற வாதம் நிற்காது.

ஆனால் அதே பிரிவில் ஒரு வழி இருக்கிறது. சட்டபூர்வமான அந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய இது தேவை என்று முதலாளி முன்கூட்டியே எழுத்தில் சான்று தர வேண்டும். உடையையும் அந்த வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். பிடிபட்ட பிறகு எழுதிக் கொடுக்கும் கடிதம் செல்லாது. டூட்டி முடிந்து அதோடு பாருக்குப் போனாலும் செல்லாது. இன்னொன்று: இந்தச் சான்று கைதைத் தடுக்காது. கோர்ட்டில் எதிர்வாதமாகத்தான் வைக்க முடியும், நிரூபிக்கும் பொறுப்பும் பையன் மேல்தான். முதலில் அவனுடைய தீர்ப்பு நகலை வக்கீலிடம் காட்டுங்கள். எல்லா அடிதடியும் இந்தப் பிரிவுக்குள் வராது.

கலிபோர்னியாவில் இதே தடை மாநிலச் சட்டத்திலும் இருக்கிறது. அங்கே உள்ளூர் போலீஸ் தலைவரிடமோ ஷெரிஃபிடமோ மனுப் போட்டு விலக்கு கேட்க வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் எதற்கு வந்தது சார்?

1994இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கெல்ஃப் என்ற போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றவன் கவசம் அணிந்திருந்தான். 1997 பிப்ரவரி 28 அன்று வடக்கு ஹாலிவுட்டில் பேங்க் கொள்ளையர் இருவர் உடம்பெல்லாம் கவசத்தோடு வந்தார்கள். போலீசின் கைத்துப்பாக்கிகள் எடுபடவில்லை, முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. 2002இல் வந்த சட்டத்துக்கு கெல்ஃப் பெயரையும், அலபாமாவில் இறந்த கிறிஸ் மெக்கர்லி என்ற அதிகாரியின் பெயரையும் வைத்தார்கள்.

குயின்ஸில் இருக்கிறேன். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் 'நியூயார்க்குக்கு அனுப்ப மாட்டோம்' என்கிறார்கள். 2019இல் வாங்கிய ஜாக்கெட் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அது குற்றமா?

அனுப்ப மாட்டார்கள். 2022 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பத்துப் பேரைக் கொன்றவன் ஸ்டீல் பிளேட் கவசம் போட்டிருந்தான். காவலாளி சுட்ட குண்டு அவனை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மாதமே சட்டம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் எழுதிய வாசகம் மென்மையான துணிக் கவசத்தை மட்டும் தடை செய்தது. கொலைகாரன் போட்டிருந்த ஸ்டீல் பிளேட்டுக்குத் தடையே இல்லை! ஜூலையில் அவசரமாகத் திருத்தி எல்லா வகையையும் சேர்த்தார்கள். எங்கள் தொழிலில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது போலீஸ், ராணுவம், மாநில அரசுத் துறை அங்கீகரித்த தொழில்களில் இருப்பவர்கள் மட்டுமே அங்கே வாங்கலாம். அதுவும் நேரில் வந்து. உங்கள் தொழிலையும் சேர்க்கச் சொல்லி அந்தத் துறையிடம் விண்ணப்பிக்க வழி உண்டு. மீறி வாங்கினால் முதல் தடவை மிஸ்டிமீனர் என்ற சிறு குற்றம், அடுத்த தடவை ஃபெலனி. விற்றவருக்கும் தண்டனை உண்டு.

தடை வாங்கல் விற்றலுக்குத்தான், வைத்திருப்பதற்கு இல்லை. 2019 ஜாக்கெட் உங்களிடமே இருக்கலாம். அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டிலும் நேரில்தான் விற்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து துப்பாக்கிக்கான பெர்மிட் போன்ற ஆவணமும் கேட்கிறார்கள்.

ஈபே மாதிரித் தளங்களில் போலீஸ் பயன்படுத்திய செகண்ட் ஹேண்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை, நான் தடுக்கிறேன். வெளி உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதைத் துவைத்துப் புதிதாக மாட்டிவிடலாம். உள்ளே இருக்கும் பேனலை உருவிப் பாருங்கள். அதில் தைத்த லேபிளில் மாடல், பாதுகாப்பு லெவல், சீரியல் எண், தயாரித்த தேதி, உடம்பு பக்கம் எது என்பதெல்லாம் இருக்கும். தேதி ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ லேபிளே அழிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். பொருள் 'ஸைலான்' என்றிருந்தால் தொடவே வேண்டாம். வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த நார் வலுவிழக்கிறது. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரரின் ஸைலான் ஜாக்கெட்டைக் குண்டு துளைத்தது; 2005இல் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனமான என்ஐஜே அந்த நாருக்கான ஏற்பைத் திரும்பப் பெற்றது.

ஊரில் அரசியலில் இருக்கும் மாமாவுக்கு ஒன்று வாங்கிப் போகலாமா?

கூடாது. பெட்டியில் போனாலும் அது ஏற்றுமதிதான். IV லெவல் பிளேட் ராணுவத் தளவாடப் பட்டியலில் இருக்கிறது, வெளியுறவுத் துறையின் லைசன்ஸ் வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை வணிகத் துறையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பயணி தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு செட் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர விதிவிலக்கு இருக்கிறது. மாமாவுக்குப் பரிசளிக்க இல்லை.

லூசியானாவில் இருக்கிறோம். மகளுக்குக் குண்டு துளைக்காத ஸ்கூல் பேக் வாங்கலாமா?

வாங்கலாம். அங்கே பள்ளி வளாகத்தில் கவச உடை அணிவது குற்றம். அந்த வாசகத்தில் ஸ்கூல் பேக்கும் சிக்கிக்கொள்ளும் என்பதால் 2018இல் மாணவர்களுக்குத் தனியாக விலக்கு கொடுத்தார்கள். பெரும்பாலான பேக்குகள் கைத்துப்பாக்கி லெவல்தான், ரைஃபிளுக்குத் தாங்காது.

சிட்னிக்கு மாறுகிறேன். என் ஜாக்கெட்டையும் சாமான்களோடு கப்பலில் போடலாமா?

போடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் அது தடை செய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் வருகிறது, பெர்மிட் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். ஆஸ்திரேலியச் சுங்கமும் முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடாது. கிளம்பும் முன் இங்கேயே முறைப்படி கைமாற்றிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.