வயசான காலத்துல முதல் ராத்திரி ரயில்: மொரிஷியஸ் வாசகர் கேள்விகளும் என் பதிலும்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். வேலைலருந்து ரிடையர் ஆயாச்சு, பிள்ளைங்க கல்யாணமும் முடிஞ்சுது, இனிமே தமிழ்நாட்டுக்குப் போய் கோயில் பாக்கணும், அதுவும் ரயில்ல போகணும். நம்ம தீவுல பாசஞ்சர் ரயில் 1956-லயே நின்னுபோச்சு, அதனால இங்க எழுபது வயசுக்காரங்களுக்குக்கூட அதுல ஏறுன ஞாபகம் கிடையாது. 2020-ல மெட்ரோ வந்துச்சு, சரி, ஆனா கியூர்பிப்லருந்து போர்ட் லூயி வரைக்குமே 26 கிலோமீட்டர்தான். சென்னை டு மதுரை கிட்டத்தட்ட 490 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க படுத்துக்கிட்டே போகணும். யாத்திரை போறவங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்குறவன்ங்குற முறையில எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: எனக்கு 66 வயசு, வீட்டுக்காரருக்கு 71. ரெண்டு பேரும் நீள ரயில்ல ஏறுனதே இல்ல. முதல் பயணத்துக்கு எந்த ரயில் நல்லது? வந்தே பாரத் போகலாமான்னு பையன் கேக்குறான். (ரோஸ் ஹில்)

வந்தே பாரத் நல்ல ரயில்தான்மா, வேகமும்கூட, ஆனா சென்னைலருந்து திருநெல்வேலி, நாகர்கோவில் போறதெல்லாம் சேர் கார், படுக்க முடியாது. பகல்ல உக்காந்துட்டே போக முதுகு ஒத்துக்கும்னா போங்க. நான் முதல் தடவைக்காரங்களுக்கு சொல்றது வேற: புறப்படுற ஸ்டேஷன்லயே ஏறி கடைசி ஸ்டேஷன்லயே இறங்குற மாதிரி ஒரு ராத்திரி ரயிலா பாருங்க. நடுவுல இருக்குற ஊர்ல வண்டி ரெண்டு நிமிஷம் அஞ்சு நிமிஷம்தான் நிக்கும், அதுக்குள்ள பெட்டியோட நம்ம கோச்சைத் தேடி ஓடணும், மூட்டு வலி இருக்குறவங்களுக்கு பயணத்துலயே கஷ்டமான கட்டம் அதுதான். இறங்குறப்பவும் அப்படித்தான், விடிகாலை நாலு மணிக்கு நம்ம ஊர் வந்துடுச்சான்னு பயந்து பயந்து தூங்காம கிடப்பாங்க. சென்னை எக்மோர் ஸ்டேஷன்லருந்து மதுரைக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கு, ராத்திரி ஏறுனா விடிகாலையில மதுரை, அங்கதான் கடைசி, தூங்கிட்டாலும் எழுப்பி இறக்கி விட்டுருவாங்க. திருச்செந்தூர்லருந்து எக்மோர் வர்ற செந்தூர் எக்ஸ்பிரஸும் அதே மாதிரி, இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி.

இன்னொண்ணு, எக்மோர்ல ஸ்டேஷன் வேலை நடக்குறதால சில வண்டிய அப்பப்ப தாம்பரம் ஸ்டேஷனுக்கு மாத்துறாங்க. ஆட்டோக்காரர்கிட்ட பழக்கத்துல எக்மோர்னு சொல்லாம, கிளம்புறதுக்கு முன்னாடி எந்த ஸ்டேஷன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

கேள்வி: தேர்ட் ஏசி போதுமா, செகண்ட் ஏசி எடுக்கணுமா? முழங்கால் ஆபரேஷன் பண்ணிருக்கேன். (குவாட்ர் போர்ன்)

செகண்ட் ஏசி எடுங்க ஐயா, இந்த ஒரு விஷயத்துல காசு பாக்காதீங்க. ஃப்ளைட்டுக்கு அவ்வளவு செலவு பண்ணிட்டு பர்த்துல, அதாவது படுக்குற இடத்துல, மிச்சம் பிடிக்குறவங்கள பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். தேர்ட் ஏசில ஒரு பக்கத்துக்கு மூணு அடுக்கு, மிடில் பர்த்த தூக்கி மாட்டிட்டா கீழ் பர்த்துல நிமிந்து உக்கார முடியாது, ராத்திரி 10 மணிலருந்து காலைல 6 மணி வரைக்கும் அப்படித்தான். செகண்ட் ஏசில மிடில் பர்த்தே கிடையாது, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, திரை உண்டு. ஃபர்ஸ்ட் ஏசின்னா ரெண்டு பேர் இல்ல நாலு பேருக்கு கதவு வச்ச தனி ரூம், ஆனா எல்லா வண்டிலயும் இருக்காது, இருந்தாலும் சீட் கொஞ்சம்தான்.

டிக்கெட்டுல நம்பர் வந்ததும் பாருங்க. செகண்ட் ஏசில 1, 3 கீழ, 2, 4 மேல, 5 சைடு லோயர், 6 சைடு அப்பர், அடுத்த ஆறுக்கும் இதே வரிசை. தேர்ட் ஏசியும் ஏசி இல்லாத ஸ்லீப்பரும்னா 1, 4 கீழ, 2, 5 நடுவுல, 3, 6 மேல, 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். ஏறுறதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சா கோச்சுக்குள்ள போய் முழிக்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு நாள் முன்னாடி டிக்கெட் போடணும்? தட்கல்ல கடைசி நேரத்துல கிடைக்கும்னு சொந்தக்காரர் சொல்றார். (போர்ட் லூயி)

அவர் இந்தியாவுல இருக்குறவர், அவருக்கு கிடைக்கும். 2025 ஜூலைலருந்து ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் (இந்தியாவோட அடையாள நம்பர்) வெரிஃபிகேஷன் வேணும்னு ஆக்கிட்டாங்க, மொரிஷியஸ் பாஸ்போர்ட் வச்சிருக்குற நம்மகிட்ட ஆதார் எங்க இருக்கு? அதனால தட்கல நம்பி பிளான் போடாதீங்க.

பொது ரிசர்வேஷன் முன்ன 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர் 1-லருந்து 60 நாள்தான். இந்திய நேரம் காலைல 8 மணிக்கு திறக்கும், நமக்கு அது காலைல ஆறரை, ஆனா திறக்குற முதல் நாள் ஆன்லைன்ல ஆதார் வெரிஃபை பண்ணவங்க மட்டும்தான் போட முடியும்னு இப்ப ஆக்கிட்டாங்க, நமக்கு அதுக்கப்புறம்தான். அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியறதில்ல. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்களுக்குன்னு ஃபாரின் டூரிஸ்ட் கோட்டா தனியா இருக்கு, அதுல 365 நாள் முன்னாடியே போடலாம். கட்டணம் கூடுதல், எல்லா ரயில்லயும் இந்த கோட்டா இருக்காது, ஆனா கைல டிக்கெட் உறுதியா இருக்குற நிம்மதிக்கு அது தகும். ஆன்லைன்ல ரயில் டிக்கெட் போடுற ஐஆர்சிடிசி வெப்சைட்ல கணக்க வெளிநாட்டு நம்பர்லயே தொடங்கலாம், சின்னதா ஒரு கட்டணம் கேக்கும், இதை கடைசி வாரத்துக்கு வைக்காம முன்னாடியே முடிச்சு வச்சுருங்க. நம்ம பேங்க் கார்டு சிலது அங்க ஏறாது, ரெண்டு கார்டு ரெடியா இருக்கட்டும். ரயில்ல பாஸ்போர்ட் ஒரிஜினலே காட்டணும், பேரும் பாஸ்போர்ட்டுல இருக்குற எழுத்துலயே இருக்கணும், வீட்டுல கூப்பிடுற பேர போட்டு அனுப்புறவங்க இருக்காங்க.

பொங்கல், தீபாவளி, ஏப்ரல் மே ஸ்கூல் லீவு, இந்த சமயங்கள்ல சீட் கிடைக்குறது குதிரைக்கொம்பு. தைப்பூசத்துக்கு பழனி போகணும்னு ஆசை இருக்கும், புரியுது, ஆனா முதல் பயணத்துக்கு அந்தக் கூட்டம் வேண்டாம்னுதான் சொல்வேன், காவடி நம்ம ஊர்லயே எடுத்துட்டு மார்ச்சுல நிதானமா போங்க.

கேள்வி: எட்டு பேர் போறோம், அஞ்சு பேர் அறுபதைத் தாண்டினவங்க. எல்லாருக்கும் லோயர் பர்த் கேட்டா கிடைக்குமா? (ட்ரியோலே)

எட்டு பேரையும் ஒரே டிக்கெட்டுல போட்டா அநேகமா கிடைக்காது. லோயர் பர்த் கோட்டாவுல ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் ரெண்டு பேர்தான், ஆம்பளைங்கன்னா 60, பொம்பளைங்கன்னா 45 வயசு ஆகியிருக்கணும். ஒரு செகண்ட் ஏசி கோச்சுக்கு அதுல மூணு நாலு பர்த்துதான் ஒதுக்குறாங்க, தேர்ட் ஏசில நாலஞ்சு. அதனால பெரியவங்கள ரெண்டு ரெண்டு பேரா தனித்தனி டிக்கெட்டா போடுங்க, சின்னவங்களுக்கு வேற டிக்கெட். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கோட்டாதான், ஃபாரின் டூரிஸ்ட்டும் இதுவும் சேராது. அப்பவும் ஒருத்தர் மேல மாட்டிக்கிட்டா டிக்கெட் செக் பண்ண வர்ற டிடிஇகிட்ட சொல்லுங்க, கீழ காலியா இருந்தா வயசானவங்களுக்கு மாத்திக் கொடுக்கலாம்னு விதியே இருக்கு. பக்கத்து சீட்டு பையன்கிட்ட "தம்பி, கொஞ்சம் மேல போறியாப்பா"ன்னு கேட்டாலும் பெரும்பாலும் போயிடுவான்.

கட்டணச் சலுகை கேக்காதீங்க, சீனியர் சலுகைய 2020 மார்ச்சுல நிறுத்துனது இன்னும் வரல.

கேள்வி: ஆறுபடை வீடும் ரயில்லயே பாக்க முடியுமா? (கியூர்பிப்)

முடியும், ஆனா வேண்டாம். எல்லாத்துக்கும் ரயில் பிடிச்சா கோயில்ல நிக்குற நேரத்தைவிட பிளாட்பாரத்துல நிக்குற நேரம் ஜாஸ்தி ஆயிடும். திருத்தணி சென்னைலருந்து பக்கம், கார்ல போய்ட்டு அன்னைக்கே திரும்பிருங்க. சுவாமிமலைக்கு கும்பகோணம் வரைக்கும் பகல் ரயில், வயல் பாத்துக்கிட்டே போகலாம், காவிரி டெல்டா ஜன்னல்ல பாக்க அவ்வளவு அழகு. அங்கேருந்து ஒரு கார் பேசி திருச்சி, திண்டுக்கல் வழியா பழனி. மலை ஏற முடியலன்னா கம்பி கட்டி மேல இழுக்குற விஞ்ச் வண்டி இருக்கு, ரோப் காரும் இருக்கு, பராமரிப்புக்காக அப்பப்ப நிறுத்துவாங்க, விசாரிச்சுட்டு போங்க. பிறகு மதுரைல ரெண்டு நாள் தங்குங்க, திருப்பரங்குன்றம் ஊருக்குள்ளயே மாதிரி, பழமுதிர்சோலை அழகர்கோவில் பக்கம். கடைசியா திருச்செந்தூர், கடல்ல குளிச்சு சாமி கும்பிட்டு, ராத்திரி ரயில், காலைல சென்னை. மொத்தத்துல ஒரே ஒரு ராத்திரிதான் ரயில்ல, அது போதும்.

ராமேஸ்வரமும் சேக்கணும்னா புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடலுக்கு நடுவுல. சென்னை ராத்திரி வண்டி சிலது விடியுற நேரத்துல அங்க போகும், பாலத்துக்கு முன்னாடி மண்டபம் ஸ்டேஷன் வந்ததும் எழுந்து உக்காந்துருங்க.

கேள்வி: டிக்கெட்டுல ஆர்ஏசின்னு வந்திருக்கு. போகலாமா? (வாக்குவா)

ஆர்ஏசின்னா பர்த் இன்னும் உறுதி ஆகலன்னு அர்த்தம். ஏறலாம், உக்கார இடம் நிச்சயம். ஆனா பர்த் கிடைக்கலன்னா சைடு லோயர ரெண்டு பேர் பங்கு போட்டு விடிய விடிய உக்காரணும், எழுபது வயசுல அது வேண்டாம். இப்ப ராத்திரி வண்டிக்கு சார்ட்ட, அதாவது யாருக்கு எந்த பர்த்துன்னு போடுற லிஸ்ட்ட, கிளம்புறதுக்கு 10 மணி நேரம் முன்னாடியே போடுறாங்க, அதைப் பாத்து முடிவு பண்ணுங்க. வெயிட்டிங் லிஸ்ட் ஆன்லைன் டிக்கெட்னா சார்ட்டுக்கு அப்புறம் தானா கேன்சல் ஆகி காசு திரும்ப வரும், அதை வச்சு ஏறக்கூடாது.

கேள்வி: சுகர் இருக்கு, ராத்திரி மூணு நாலு தடவை பாத்ரூம் போகணும். சாப்பாடு எப்படி? (மாஹேபூர்க்)

வெக்கப்படாம கேட்டதுக்கு நன்றிம்மா, இதை நினைச்சே நிறைய பேர் ரயிலே வேண்டாம்னு விட்டுர்றாங்க. கோச்சோட ரெண்டு கோடிலயும் பாத்ரூம் உண்டு, வெஸ்டர்னும் இருக்கும். கோச்சுக்கு நடுவுல இருக்குற சீட்டு கேட்டு வாங்காதீங்க, கோடில கதவு சத்தம் கேட்டாலும் உங்களுக்கு அதுதான் வசதி. வண்டி ஆடும், அதனால கம்பியப் பிடிச்சுக்கிட்டு போங்க, ரப்பர் செருப்பு, டிஷ்யூ, சின்ன டார்ச் தலைமாட்டுலயே இருக்கட்டும். மாத்திரையும் இன்சுலினும் கைப்பைல, பெட்டில போட்டு பர்த்துக்கு அடில தள்ளிடாதீங்க. சாப்பாட்ட ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டு, லேட் ஆனா தாங்குறதுக்கு பிஸ்கட், வாழைப்பழம் எடுத்துக்கோங்க. ஏசில போர்வை, தலகாணி அவங்களே கொடுப்பாங்க, குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. ஏதாவது அவசரம்னா 139-க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: போன் சார்ஜர் நம்ம ஊருது வேலை செய்யுமா? (ஃப்ளாக்)

ரெண்டு உருண்டை பின் இருக்குறது சேரும். சதுர மூணு பின் இருக்குறது சேராது, ஒரு அடாப்டர் வாங்கிக்கோங்க.