“அம்மா, இது கூட்டலா கழித்தலா?”

மண்டூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் தரம் 3 படிக்கிறாள். பத்தாம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் சொல்வாள். எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தால் கூட்டுவாள், கழிப்பாள். வசனக் கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி, “அம்மா, இது கூட்டலா கழித்தலா?” என்று கேட்கிறாளாம். “மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி என்று சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் சரியாக வந்தது. இப்போது முன்பை விடக் குழம்புகிறாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. வாய்ப்பாட்டை இன்னும் பாடமாக்க வைப்பதா, ரியூஷனில் சேர்ப்பதா?” என்பது அவரது கேள்வி.

தங்கச்சி, உங்கள் மகளுக்குக் கணக்குச் செய்யத் தெரியும். அந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. இருபது மாதிரித் தாள் செய்தாலும் அது தானாக வராது. முதலில் அந்தச் சொல் விதியை விட்டுவிடுங்கள்.

அது ஏன் காலை வாரிவிட்டது என்று பாருங்கள். “மொத்தம் 20 தேங்காய். 7 உரித்தாயிற்று. உரிக்க வேண்டியது எத்தனை?” மொத்தம் இருக்கிறது, கூட்டல் இல்லை. நமது பேச்சிலேயே இன்னொரு பொறியும் உண்டு. “அண்ணனிடம் 12 மாங்காய். அது தம்பியிடம் இருப்பதை விட 4 கூட. தம்பியிடம் எத்தனை?” ‘கூட’ என்று காதில் விழுந்ததும் பிள்ளை கூட்டப் போய்விடும், 16 என்று எழுதும். விடை 8. நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்த காலமெல்லாம் இந்த ஒரு சொல்லில் வழுக்கிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், கெட்டிக்காரப் பிள்ளைகளையும் சேர்த்து.

சொல்லைப் பார்த்துக் குறி போடப் பழகிய பிள்ளை கதையை வாசிப்பதையே விட்டுவிடும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1979 அளவில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: “ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவனுக்கு என்ன வயது?” 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொன்னார்கள். உங்கள் மகளிடமும் கேட்டுப் பாருங்கள்: “வட்டையில் 18 எருமையும் 7 பசுவும் மேய்கின்றன. மேய்ப்பவருக்கு எத்தனை வயது?” அவள் 25 என்று சொன்னால் ஏசாதீர்கள். “எருமையை எண்ணினால் அவருடைய வயது தெரியுமா?” என்று மட்டும் கேளுங்கள். யோசித்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வந்தால் கதை உள்ளே போய்விட்டது.

இனி ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டு பாயில் இருங்கள். கணக்கை வாசித்ததும் என்ன குறி என்று கேட்கவே வேண்டாம். “என்ன நடந்தது, கொட்டையை வைத்துக் காட்டு” என்று கேளுங்கள்.

கூட்டல் சுலபம். இரண்டு குவியலை ஒன்றாக்குவது, அல்லது இருப்பதில் மேலும் சேர்ப்பது. பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடம் வரும் முன்பே அறிந்திருப்பார்கள். கழித்தலில்தான் ஒரே குறிக்குள் மூன்று கதைகள் ஒளிந்திருக்கின்றன, பள்ளியிலும் வீட்டிலும் நாம் பெரும்பாலும் முதலாவதை மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். தட்டில் 15 வடை, 6 சாப்பிட்டாயிற்று: இது எடுத்துவிடும் கதை. அக்காவிடம் 15 ரிபன், தங்கையிடம் 6, யாரிடம் எவ்வளவு அதிகம்: இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை, ஒன்றும் குறையவில்லை. ‘கழித்தல் என்றால் குறைவது’ என்று நம்பும் பிள்ளை இங்கே திகைத்துப்போவது நியாயம்தானே? கொட்டைகளை இரண்டு வரிசையாக, ஒன்றுக்கு நேரே ஒன்றாக அடுக்கச் சொல்லுங்கள். துணையில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் 9 கொட்டை கண்ணுக்குத் தெரியும். அந்த மாங்காய்க் கணக்கையும் இப்படியே அடுக்கிப் பார்க்கட்டும்.

மூன்றாவது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற கதை. கொப்பிக்கு 150 ரூபா வேண்டும், கையில் 90 இருக்கிறது. பிள்ளை 90 இலிருந்து 100, அப்புறம் 150 என்று மேலே எண்ணிப் போய் 60 என்று சொன்னால், “கழித்துத்தான் செய்ய வேண்டும்” என்று தடுக்காதீர்கள். கடைக்காரர் மிச்சக் காசு தருவதும் அப்படித்தான்: 380 ரூபா சாமானுக்கு 500 ரூபாத் தாளைக் கொடுத்தால், இருபதை வைத்து நானூறு, நூறை வைத்து ஐந்நூறு என்று எண்ணித் தருவார். அவளைக் கடைக்கு அனுப்புங்கள், மிச்சத்தை அவளே எண்ணி வாங்கட்டும்.

பெருக்கலுக்குத் தமிழே உதவி செய்கிறது. ‘மூவைந்து பதினைந்து’ என்று பாடும்போது அந்தச் சொல்லே மூன்று ஐந்துகள் என்று சொல்கிறது. பிள்ளைகள் ராகமாகச் சொல்வார்கள், அதற்குள் ஒரு படம் இருப்பதை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். “மூவைந்தை வைத்துக் காட்டு” என்று கேளுங்கள். ஐந்து ஐந்தாக மூன்று குவியல் வைக்க வேண்டும். பிறகு ஐம்மூன்று. குவியல்கள் வேறு, மொத்தம் அதே 15. ஏன் அதே என்பதற்கு முட்டைத் தட்டைக் காட்டுங்கள். முப்பது முட்டைத் தட்டில் ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஐந்து வரிசையில் ஆறு ஆறு, தட்டைத் திருப்பினால் ஆறு வரிசையில் ஐந்து ஐந்து. முட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை.

வகுத்தலில் இரண்டு கதை. 12 கொய்யாப்பழத்தை 3 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 4. 12 நண்டை மூன்று மூன்றாகக் கட்டினால் 4 கட்டு. தாளில் இரண்டுமே 12 ÷ 3 = 4. கை செய்வது வேறு: முதலாவதில் உனக்கொன்று, உனக்கொன்று என்று சுற்றிச் சுற்றி வைக்கிறது, இரண்டாவதில் மூன்று மூன்றாக அள்ளுகிறது. முதலாவதில் வரும் 4 பழத்தின் எண்ணிக்கை, இரண்டாவதில் கட்டின் எண்ணிக்கை. பங்கிடுதலை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு “நான்கு மீற்றர்த் துணியில் அரை மீற்றர்த் துண்டு எத்தனை வெட்டலாம்?” என்பது பின்னாளில் புரியவே புரியாது. அதனால் இரண்டையும் ஒரே நாளில், அதே 12 கொட்டையை வைத்துச் செய்யுங்கள்.

மீதி வரும்போது கதை இன்னும் முக்கியம். உங்கள் ஊர்த் துறைக்கே போவோம். குருமண்வெளிக்குப் போகும் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையில், ஒரு தடவைக்கு 12 மோட்டார் சைக்கிள் ஏற்றலாம் என்று வையுங்கள். 30 காத்து நிற்கின்றன. பாதை எத்தனை தடவை போக வேண்டும்? 30 ஐ 12 ஆல் வகுத்தால் 2, மீதி 6. ஆனால் அந்த ஆறு பேரையும் கரையில் விட்டுப் போக முடியாது, ஆகவே 3 தடவை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த மதிப்பீடு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஒரு கணக்கு வந்தது: ஒரு பஸ்ஸில் 36 படைவீரர் ஏறலாம், 1128 பேருக்கு எத்தனை பஸ் வேண்டும்? நூற்றுக்கு 70 பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 32 பஸ் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் அவர்களை விட அதிகம். உங்கள் மகளின் சிக்கலும் இதுதான், அவளுக்கு அது எட்டு வயதிலேயே தெரிய வந்திருப்பது நல்லது.

கொட்டையில் சரளம் வந்ததும் தாளில் வட்டமும் கோடும் போட்டுக் காட்டட்டும். குறியும் எண்ணும் கடைசியில் வரட்டும். அப்புறம் தலைகீழாகவும் செய்யுங்கள்: 15 − 6 என்று எழுதிக் கொடுத்து, இதற்கு ஒரு கதை சொல் என்று கேளுங்கள். எடுத்துவிடும் கதையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால், மற்ற இரண்டும் இன்னும் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், இரண்டு கணக்குப் போதும்.

ரியூஷன் இப்போதைக்கு வேண்டாம். வாய்ப்பாட்டை நிறுத்தவும் வேண்டாம், பாடமாக இருந்தால் யோசிப்பதற்கு மூளை ஓய்வாக இருக்கும். மறந்துபோகும் இடத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்து பாட வைக்காதீர்கள். ஆறேழு வரவில்லையா? “ஐயேழு எவ்வளவு?” என்று கேளுங்கள். முப்பத்தைந்து என்பாள். “இன்னும் ஒரு ஏழு வை” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.