கூலி கேட்கும் பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

நீலகிரியில் கேத்திப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, கடவுள் நம்மை நேசிக்கிற தகப்பன் என்றேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, "எங்கப்பா மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு வாயே எழவில்லை. என் அப்பாவும் குடித்துவிட்டு அடித்தவர்தான். 'கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து' என்ற வசனத்தைச் சொல்லிக்கொண்டேதான் பெல்ட்டைக் கழற்றுவார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இன்றும் 'எங்கள் பிதாவே' என்று தொடங்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. நீ உன் அப்பாவை முழுதாக மன்னிக்காதவரை பரம பிதாவின் அன்பு உனக்குப் பிடிபடாது என்கிறார் ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரி. என் விசுவாசத்தில்தான் குறையா? கடவுளைத் தாய் என்று நினைத்துக்கொண்டால் தப்பா? அன்பான தகப்பன் ஏன் இவ்வளவு கஷ்டத்தை அனுமதிக்கிறார்? அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னியுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் உங்களிடம் இறையியல் கேட்கவில்லை. தன் வீட்டில் நடப்பதை, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறாள். உங்களைத் தவிர வேறு யாருக்கு அது சட்டென்று புரியும்? இந்த வாரமே அவளோடு தனியாகப் பேசுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். ஆயரிடம் சொன்னேன், அவர் அந்த அப்பாவோடு ஜெபித்தார் என்று அடுத்த கடிதத்தில் எழுதாதீர்கள். ஜெபிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் போன் போக வேண்டும்.

அப்புறம், தாய் என்று நினைத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள். தாராளமாக. 'ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்' என்று ஏசாயாவில் கர்த்தரே சொல்கிறார். அவர் சொன்னதைச் சொல்ல என்னிடம் அனுமதி கேட்பானேன்? கஷ்டத்தை ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு ஒரு கடிதத்தில் பதில் சொல்லக்கூடிய ஆள் நான் இல்லை. யோபுவுக்கே நேரடியாகப் பதில் கிடைக்கவில்லை.

உங்கள் அப்பா சொன்ன வசனம் எபிரெயர் 12இல் இருக்கிறது. நாலு வசனம் தள்ளிப் போனால், பூமியின் தகப்பன்மார் தங்களுக்குத் தோன்றினபடி சிட்சித்தார்கள், கடவுளோ நம் பிரயோஜனத்துக்காகச் சிட்சிக்கிறார் என்று இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றுகிறவர்கள் யாரும் அதுவரை படிப்பதில்லை. 'பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்' என்று கொலோசெயரில் ஒரு வசனம் இருக்கிறது. நான் உட்கார்ந்து கேட்ட பிரசங்கங்களில் அதை எடுத்துப் பேசியவர்கள் அபூர்வம். பிரம்பைப் பற்றிய நீதிமொழி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். குடிவெறியில் ஒரு மனிதர் செய்த கொடுமைக்கு அவர் கடவுளின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். அந்தக் கையெழுத்து பொய். உங்கள் உடம்பு கூசுகிறதே, அது அவிசுவாசம் இல்லை, அந்தப் பொய்யை உடம்பு இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மூத்த சகோதரிக்கு என் மரியாதையைச் சொல்லி, இதையும் சொல்லுங்கள். நீ இதை முடித்தால்தான் பிதா உனக்குக் கிடைப்பார் என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்பாவை மன்னிப்பது நல்லதுதான். அது வரும்போது வரட்டும். ஆனால் அதை வாசலில் நிறுத்தி வைத்து நுழைவுச்சீட்டு கேட்கக் கூடாது. இந்த வாதத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் லூக்கா 15ஐத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

கெட்டகுமாரன் கதை. சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீடு திரும்புகிற இளைய மகனின் கதை. நான்கு சுவிசேஷங்களில் லூக்காவில் மட்டும்தான் அது இருக்கிறது. (உங்கள் கேத்தியில் இருந்த பாசல் மிஷன்காரர்கள் 1850களில் படுக மொழியில் கொண்டுவந்ததும் லூக்காவைத்தான். நம் மலையில் அந்தத் தகப்பன் கதை அப்போதே படுக மொழி பேசியிருக்கிறது என்று நினைக்க எனக்குச் சந்தோஷம்.) எல்லாரும் அதில் பன்றிகளையும் கொழுத்த கன்றையும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும்.

பசியில் புத்தி தெளிந்த இளையவன் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு பேச்சைத் தயார் பண்ணுகிறான். தகப்பனே, பாவம் செய்தேன். இனிமேல் உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரனல்ல. 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்.' மூன்று வரி. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான். தகப்பன் அவனைத் தூரத்திலேயே கண்டு, ஓடி வந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிறார். அதற்குப் பிறகு அவன் பேச்சைத் தொடங்குகிறான். பாவம் செய்தேன் என்கிறான். பாத்திரனல்ல என்கிறான். மூன்றாவது வரி வரவில்லை. அந்த இடத்தில் தகப்பன் வேலைக்காரர்களைப் பார்த்து, நல்ல வஸ்திரம் கொண்டுவாருங்கள் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் காதில் விழவே விடவில்லை. பாவத்தைச் சொன்னபோது குறுக்கே பேசவில்லை. தகுதியில்லை என்றபோதும் பேசவில்லை. கூலி என்று அவன் வாய் திறப்பதற்குள் பேசிவிட்டார்.

சரி, மூத்தவனைப் பாருங்கள். அவன் வீட்டைவிட்டுப் போனதே இல்லை. அவன் பேசுவதும் கூலிதான். இத்தனை வருஷமாய் உமக்கு ஊழியம் செய்தேன், கற்பனையை மீறவில்லை, ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுத்தீரா என்கிறான். வேலை செய்த கணக்கு, சம்பளப் பாக்கி. ஒருவன் கடனாளியாக வருகிறான், மற்றவன் பாக்கி கேட்டு நிற்கிறான். இரண்டு பேருக்கும் அவர் முதலாளி. இரண்டு பேரிடமும் வெளியே இறங்கி வந்தவர் அவர்தான். இவனைப் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் 'மகனே'.

இதை நான் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு என் அப்பாதான் காரணம். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டினவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தவர்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. ஒரு நாள் வேலையை அவர் சாகும்வரை 'ஒரு பேர்' என்றுதான் சொன்னார். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், பேர் விழுந்தால் சோறு, விழாவிட்டால் இல்லை. காய்ச்சலோடு மலையேறியிருக்கிறார். சம்பள நாளன்று ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்த்து, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். லைன் வீட்டில் ராத்திரி ஜெபத்துக்கும் அதே நிற்பு. எனக்கு அது ரொம்ப நாள் பக்தியாகத்தான் தெரிந்தது.

அவர் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. நல்ல தகப்பன் இருந்தால் கடவுளைத் தகப்பனாகக் காண்பது சுலபம் என்கிறார்களே, அவர்கள் என் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். நல்ல மகனாக, நல்ல தகப்பனாக வாழ்ந்த மனிதர் கடைசி நாட்களில் பயந்துபோய்க் கிடந்தார். படுத்த படுக்கையில் விரல்விட்டு எண்ணுவார். இத்தனை ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை, இன்ன வருஷம் பொருத்தனைக் காணிக்கை போடவில்லை, கொழும்பில் ஒருத்தருக்குக் கடன் பாக்கி. "எந்தக் கணக்க வச்சிக்கிட்டு ஆண்டவர் முன்னாடி போவேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "பேர் போடவா உங்களக் கூப்புடுறாரு? வீட்டுக்குல்ல கூப்புடுறாரு." அப்பா பதில் சொல்லவில்லை. கஞ்சியைக் குடித்தார். அன்று ராத்திரி எண்ணவில்லை. மறுநாள் மறுபடி எண்ணினார்.

எங்கள் தோட்டத்தில் துரையைப் பார்த்து, நீங்கதான் எங்களுக்குத் தாய் தகப்பன் என்று கைகட்டிச் சொல்வார்கள். கம்பளி கேட்க, கூரைக்குத் தகரம் கேட்க அப்படிச் சொல்லியாக வேண்டியிருந்தது. தகப்பன் என்று வாயால் சொல்லி முதலாளியாக மனதில் வைப்பது அங்கேயே பழகிவிட்டது. அதே வாயோடு ஆலயத்துக்குப் போனோம். இன்று தோட்டத்தை விட்டு ஊட்டியிலும் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் குடியேறிய எங்கள் பிள்ளைகளும் அப்படியே ஜெபிக்கிறார்கள். உபவாசம் இருந்தேன், வேலை கொடும். தசமபாகம் கொடுத்தேன், வீடு கொடும். நீ உன் அப்பாவை மன்னித்துவிட்டு வா, அன்பு தருகிறேன் என்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. அதனால்தான் எனக்கு அந்த அளவு கோபம். கெட்ட அப்பாக்கள் கடவுளின் பெயரைக் கெடுத்தது உண்மை. அவரை முதலாளியாக்கி நிற்கவைத்த நல்ல விசுவாசிகள் அதைவிட அதிகம் கெடுத்திருக்கிறோம். உங்கள் அப்பாவும் வசனம் சொல்லி அடித்தபோது மகளிடம் கணக்குத்தான் தீர்த்தார்.

'இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய்' என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதுகிறார். ஆகும்படி முயற்சி செய் என்று எழுதவில்லை. உங்களுக்கு அந்த உறவு புரிந்திருக்கிறதா, உடம்பு கூசாமல் அந்தப் பெயரைச் சொல்ல முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்துக் கடவுள் உங்களை மகளாக்கவில்லை. 'எங்கள் பிதாவே' என்று சொல்ல வரவில்லையென்றால் சொல்லாதீர்கள். 27ஆம் சங்கீதத்தில் 'என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்' என்று இருக்கிறது. தகப்பன் என்று சொல்லாமலே தகப்பனிடம் போன ஒருவரின் ஜெபம் அது. உங்களுக்குப் போதும், வேண்டியவரை அதையே சொல்லுங்கள்.

வகுப்பில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கடவுள் உங்கப்பா மாதிரி இல்லை, பாப்பா, என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். மழுப்ப வேண்டாம். அதன் பிறகு ஒரு ஞாயிறு லூக்கா 15ஐப் பிள்ளைகளை வைத்து நடிக்கவிடுங்கள். இளையவனாக வருகிற பிள்ளை மூன்று வரியையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரட்டும். தகப்பனாக நடிக்க அவளையே நிறுத்துங்கள், மூன்றாவது வரிக்கு முன்னால் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். நடந்ததை எழுதுங்கள். போனில் கூப்பிட்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா