வெட்டின இடத்துல 'டிக்'னு கேக்குதா?

கேள்வி: பாட்டி பேசினத ஒரு மணி நேரம் ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன், நடுநடுவுல இருமல், போன் ரிங் எல்லாம் இருக்கு. ஆடாசிட்டில (ஆடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்) மவுஸால இழுத்து செலக்ட் பண்ணி வெட்டினா பேச்சும் சேர்ந்து போயிடுது, இல்லன்னா 'டிக்'னு ஒரு சத்தம். சில நேரம் டெலீட்டே ஆகமாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

பதில்: டெலீட் ஆகலன்னா பெரும்பாலும் பாஸ்ல (Pause) வெச்சிருப்பீங்க, சில வெர்ஷன்ல பாஸ்ல இருக்கிற வரைக்கும் எடிட் பண்ண விடாது. ஸ்டாப் குடுங்க, சரியாயிடும்.

அடுத்தது மவுஸ். ஒரு மணி நேரம்னா 3600 செகண்டு, அது மொத்தமும் ஒரே ஸ்கிரீன்ல தெரியுதுன்னா ஒரு புள்ளிக்குள்ளயே ரெண்டு மூணு செகண்டு பேச்சு அடங்கியிருக்கும், அதுல எவ்ளோ கவனமா இழுத்தாலும் துல்லியமா வராதுங்க. காதால செலக்ட் பண்ணுங்க. ஓடவிட்டு கேளுங்க, இருமல் ஆரம்பிக்கும்போது [ கீ, முடிஞ்சதும் ] கீ, அவ்ளோதான், செலக்ஷன் விழுந்துடும். ஸ்டாப் பண்ணிட்டு கண்ட்ரோல் ஈ அடிச்சா அந்தத் துண்டு மட்டும் பெருசா தெரியும், கண்ட்ரோல் 3 ஒரு தடவ அடிச்சு கொஞ்சம் பின்னாடி வந்தா ரெண்டு ஓரமும் தெரியும். ஓரத்துல மவுஸ வெச்சா கை மாதிரி ஐகான் வரும், அப்ப இழுத்து சரி பண்ணுங்க. வேற எங்கயாவது சும்மா கிளிக் பண்ணிட்டீங்கன்னா செலக்ஷன் போயிடும், ஷிஃப்ட் புடிச்சுட்டு கிளிக் பண்ணா பக்கத்துல இருக்கிற ஓரம் அங்க நகரும்.

இங்கதான் பொறுமை வேணும். 'போகலாம்'னு சொல்றாங்கன்னா கடைசி 'ம்' வேவ்ல (சத்தத்த ஸ்கிரீன்ல காட்டுற அலைக்கோடு) கிட்டத்தட்ட நேர்கோடு மாதிரிதான் இருக்கும், சைலன்ஸ்னு நெனச்சு வெட்டிடுவோம், கேட்டா வார்த்தை பாதில நிக்கும். அதே மாதிரி அடுத்த வாக்கியத்துக்கு முன்னாடி எடுக்கிற மூச்சையும் விட்டு வைங்க, அது போச்சுன்னா பாட்டி பேசற மாதிரியே இருக்காது.

'டிக்' ஏன் வருதுன்னா, வேவ் மேல இருக்கிற இடத்துல வெட்டி கீழ இருக்கிற இடத்தோட ஒட்டினா சத்தம் திடீர்னு எகிறுது. செலக்ட் பண்ணதும் இசட் கீய தட்டுங்க, ரெண்டு ஓரமும் வேவ் நடுக்கோட்ட தாண்டுற இடத்துக்கு நகந்துடும். ஸ்டீரியோன்னா (இடது, வலதுன்னு ரெண்டு சேனல் இருக்கிற ரெக்கார்டிங்) ரெண்டு சேனலும் ஒரே நேரத்துல நடுக்கோட்ட தொடாது, அதனால லேசா மிச்சம் இருக்கலாம். அப்புறம் சி கீ, இது எனக்கு ரொம்பப் புடிச்சது, வெட்டினா எப்படி இருக்கும்னு வெட்டாமலே போட்டுக் காட்டும். திருப்தியா இருந்தா மட்டும் டெலீட்.

போன் ரிங் பேச்சு மேலயே விழுந்திருந்தா வெட்டாதீங்க, அந்த வார்த்தை திரும்பக் கிடைக்காது. ஒரிஜினல் ஃபைல தனியா காப்பி போட்டு வெச்சுட்டு வேலைய ஆரம்பிங்க. ஒரே நேரத்துல அங்கொண்ணும் இங்கொண்ணுமா பல இடத்த செலக்ட் பண்ண முடியாது, அதனால மொதல்ல முழுசா கேட்டுக்கிட்டே இருமல் வர்ற இடத்துல எல்லாம் கண்ட்ரோல் எம் தட்டி லேபிள் (அடையாளக் குறி) போட்டுடுங்க, அப்புறம் கடைசில இருந்து ஒவ்வொண்ணா முன்னாடி வாங்க.