(4, −2] ஏன் தவறு?

உங்கள் −3 < 5 − 2ம ≤ 9 என்ற சமனிலியைத் தீர்க்கும் கணக்கில் இயற்கணிதம் சரிதான். கடைசியில் விடையை இடைவெளியாக, அதாவது இரண்டு முனை எண்களை அடைப்புக்குறிக்குள் வைத்து, எழுதிய விதம்தான் சறுக்கிவிட்டது. 5-ஐக் கழித்தால் −8 < −2ம ≤ 4. பிறகு −2 ஆல் வகுத்து, இரண்டு குறிகளையும் திருப்பி 4 > ம ≥ −2 என்று வந்திருக்கிறீர்கள். பலர் ஒரு குறியை மட்டும் திருப்புவார்கள், நீங்கள் அதில் மாட்டவில்லை.

ஆனால் அதை இடமிருந்து வலமாக அப்படியே பெயர்த்து (4, −2] என்று போட்டுவிட்டீர்கள். இடைவெளியில் சிறிய எண்தான் எப்போதும் இடப்பக்கம். எனவே முதலில் வரியையே −2 ≤ ம < 4 என்று திருப்பி எழுதுங்கள். விடை [−2, 4). சதுர அடைப்புக்குறி என்றால் முனை எண் சேரும், வளைந்தது என்றால் சேராது. எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் முனை எண்ணைப் போட்டுப் பாருங்கள்: −2 போட்டால் 9 ≤ 9, சரி, அது சேரும். 4 போட்டால் −3 < −3, பொய், அது சேராது.

இரண்டாவது கணக்கு வேறு ரகம். 3ம + 1 < −5 அல்லது ம − 2 ≥ 1 என்பதில் ம < −2, ம ≥ 3 என இரண்டு துண்டுகள். நீங்கள் எழுதிய [3, −2) ஒரு துண்டாக ஒட்டப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் 0-ஐப் போட்டால் இரண்டுமே பொய், ஆக ஒட்டவே முடியாது. (−∞, −2) ∪ [3, ∞) என்று சேர்ப்புக் குறியோடு எழுத வேண்டும். முடிவிலி ஓர் எண் அல்ல என்பதால் அதன் பக்கம் சதுர அடைப்புக்குறி வரவே வராது.

இதே இரண்டையும் ‘அல்லது’ என்பதற்குப் பதில் ‘மற்றும்’ இணைத்திருந்தால்? பொதுவான எண் ஒன்றுகூட இல்லை, விடை ∅, அதாவது வெற்றுக் கணம். எண்கோட்டில் ஒருமுறை வரைந்து பாருங்கள், தெரிந்துவிடும்.