கடை மாவு, வட்டியில்லாத் தவணை, குடோன் மஞ்சள்: வாங்குவோர் கேள்வி–பதில்

இந்தத் தடவை எடுத்துக்கொண்ட கேள்விகள் அஞ்சு. ஊரும் வேறு, சரக்கும் வேறு. ஆனால் அஞ்சிலும் பில்லில் ஏறாத ஒரு தொகை ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வாரத்து வேலை.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லருங்க. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 560 ரூபாய் சம்பளம். வாரம் நாலு கிலோ இட்லி மாவு பாக்கெட்டாக வாங்குகிறேன், கிலோ 45 ரூபாய். "வீட்டில் கிரைண்டரை வைத்துக்கொண்டு கடையில் மாவு வாங்குவது தண்டம்" என்கிறார் மாமியார். வீட்டில் ஆட்டினால் அரிசி, உளுந்து, வெந்தயம் எல்லாம் சேர்த்து கிலோ 30 ரூபாய்க்குள் முடியும்தான். ஆனால் என் நேரத்துக்குக் காசில்லையா? (திருப்பூர் வாசகி)

பதில்: இருக்கிறது. எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

கிலோவுக்கு 15 ரூபாய் வீதம் நாலு கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சம். இதற்கு எவ்வளவு நேரம் போகிறது? எல்லோரும் இங்கேதான் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஊறும் நேரம் உங்களுடையதல்ல. கல் சுற்றும் நேரத்திலும் பாதிக்கு மேல் நீங்கள் அடுப்படியில் வேறு வேலை பார்ப்பீர்கள். அரிசி களைவது, இடையிடையே தண்ணீர் விட்டுத் தள்ளிவிடுவது, மாவை வழிப்பது, கல்லைக் கழுவுவது என்று கை மாட்டிக்கொள்ளும் நேரம் மட்டும்தான் கணக்கு. அது நாற்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிஷத்துக்கு 60 ரூபாய் என்றால் மணிக்கு 90. கம்பெனி உங்களுக்குத் தருவது மணிக்கு 70. அரை எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலும் கரண்ட் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கிரைண்டர் விலையைச் சேர்க்கவே வேண்டாம், அந்தப் பணம் எப்போதோ போய்விட்டது. ஆக, மாமியார் பக்கம்தான் தராசு சாய்கிறது.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஒரு மணி நேரத்தை மாவாட்டக் கொடுத்தால் எதை விடுகிறீர்கள் என்பதுதான் அந்த மணி நேரத்தின் விலை. பொருளாதாரப் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று இருப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்கு உங்கள் நேரத்தை 70 ரூபாய் கொடுத்து வாங்க ஆளில்லை. விடுவது தூக்கத்தையோ, பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையோதான். அதற்கு என்ன விலை என்று நீங்கள்தான் சொல்லணும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களில் நிலவரம் வேறு. ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து சேரும் உடம்புக்கு மணிக்கு 90 ரூபாய் மிச்சம் என்பது பெரிய லாபமில்லை. அந்த வாரங்களில் பாக்கெட் வாங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"அப்படியென்றால் மாமியாரே ஆட்டட்டும், அவருக்கு வேலையா வெட்டியா" என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் ஒரு சாயங்காலம் இருக்கிறது. சம்பளம் வாங்காதவர் நேரத்துக்குப் பூஜ்யம் போடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம்.

கேள்வி: ஃபிரிட்ஜ் 32,000 ரூபாய். மாதம் 3,200 வீதம் பத்து மாதம் கட்டினால் போதும், வட்டியே கிடையாது என்கிறார்கள். முழுப் பணமும் சேவிங்ஸ் கணக்கில் இருக்கிறது. தவணைதானே புத்திசாலித்தனம்? (ஈரோடு வாசகர்)

பதில்: கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்பவே மொத்தமாகக் கட்டினால் எவ்வளவுக்குத் தருவீங்க?" 1,500 ரூபாய் குறைக்கிறேன் என்றால், தவணையில் வாங்குபவர் கட்டும் வட்டி அந்த 1,500. பெயர்தான் வேறு. பிராசஸிங் கட்டணம் தனி. கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வரும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

பணம் வங்கியிலேயே கிடந்தால் என்ன வரும்? மாதாமாதம் தவணை போகப்போக இருப்பும் குறையும். பத்து மாதச் சராசரி 17,600. மூன்று சதவீத வட்டிக்கு 440 ரூபாய். ஏழு சதவீதம் கிடைத்தாலும் ஆயிரத்துச் சொச்சம்தான். 1,500-ஐ விட்டு 440-ஐப் பிடிப்பதில் ஒரு புத்திசாலித்தனமும் இல்லை. ரொக்கத்துக்கு ஒரு பைசா குறைக்க மாட்டேன், கட்டணமும் கிடையாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால் மட்டும் தவணைக்குப் போங்கள்.

கேள்வி: நானும் என் நங்கையாளும் ஒரே வளவில் இருக்கிறோம். விசேஷங்களுக்கு ஒப்புட்டும் (போளி) முறுக்கும் ஆர்டர் எடுத்துத் தனித்தனியாகச் செய்து விற்கிறோம். ஒரு மணி நேரத்தில் நான் ஒப்புட்டு என்றால் 30 தட்டுவேன், முறுக்கு என்றால் 60 சுடுவேன். அவருக்கு ஒப்புட்டு 10 வந்தால் பெரிது, முறுக்கு 40. "அவகிட்ட முறுக்கு வாங்கிக்கிட்டு நீ ஒப்புட்டை மட்டும் செய்" என்கிறார் வீட்டுக்காரர். ரெண்டிலுமே நான்தான் வேகம். என்னை விட மெதுவாகச் செய்கிறவரிடம் நான் ஏனுங்க வாங்கணும்? (கோபி வாசகி)

பதில்: இதே கேள்வியை 1817-ல் டேவிட் ரிக்கார்டோ நாடுகளுக்குப் போட்டுப் பார்த்தார். பங்கு, கடன் பத்திர வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்துவிட்டுப் பொருளாதாரம் எழுத வந்த மனிதர். போர்ச்சுகலில் ஒயினுக்கு 80 பேரின் ஒரு வருட உழைப்பும் துணிக்கு 90 பேரின் உழைப்பும் போதும், இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100 தேவை என்று வைத்துக்கொண்டார். இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. அப்படியும் இங்கிலாந்திடம் துணி வாங்குவது போர்ச்சுகலுக்கு லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

உங்கள் அடுப்படிக்கு வருவோம். ஒரு ஒப்புட்டு தட்டும் நேரத்தில் நீங்கள் 2 முறுக்கை விடுகிறீர்கள். அதே ஒரு ஒப்புட்டுக்கு நங்கையாள் விடுவது 4 முறுக்கு. ஆக, ஒப்புட்டு உங்கள் கையில் மலிவு. முறுக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு முறுக்குக்கு நீங்கள் விடுவது அரை ஒப்புட்டு, அவர் விடுவது கால் ஒப்புட்டு. முறுக்கு அவர் கையில் மலிவு. நீங்கள் அவரை விட வேகம் என்பது நிஜம். ஆனால் உங்கள் முறுக்குக்குப் போட்டி அவருடைய முறுக்கு அல்ல, அந்த நேரத்தில் நீங்கள் தட்டியிருக்கக்கூடிய ஒப்புட்டு. இதற்குப் பெயர் ஒப்பீட்டு நன்மை.

இப்போது ஆளுக்கு நாலு மணி நேரம், ரெண்டு ரெண்டாகப் பிரித்துச் செய்கிறீர்கள் என்று வைப்போம். உங்களுக்கு 60 ஒப்புட்டு, 120 முறுக்கு. அவருக்கு 20 ஒப்புட்டு, 80 முறுக்கு. மொத்தம் 80 ஒப்புட்டும் 200 முறுக்கும்.

வீட்டுக்காரர் சொல்கிறபடி மாற்றிப் பாருங்கள். நங்கையாள் நாலு மணி நேரமும் முறுக்கே சுடட்டும், 160 வரும். நீங்கள் முதலில் 80 ஒப்புட்டையும் தட்டுங்கள், இரண்டு மணி நாற்பது நிமிஷம் ஆகும். மிச்சமிருக்கும் ஒரு மணி இருபது நிமிஷத்தில் 80 முறுக்கு. மொத்தம் அதே 80 ஒப்புட்டு, முறுக்கு மட்டும் 240. அடுப்பும் ஆளும் நேரமும் கூடவில்லை, 40 முறுக்கு கூடுதலாக வந்திருக்கிறது.

அந்த நாற்பது யாருக்கு? பேரம் இருப்பது இங்கேதான். ஒரு ஒப்புட்டுக்கு 2 முறுக்குக்குக் கீழே கொடுத்தால் உங்களுக்குக் கட்டாது, 4-க்கு மேல் கேட்டால் அவருக்குக் கட்டாது. நடுவில் 3 என்று பேசிக்கொண்டால் நீங்கள் 20 ஒப்புட்டு கொடுத்து 60 முறுக்கு வாங்குவீர்கள். முடிவில் உங்கள் கையில் 60 ஒப்புட்டு, 140 முறுக்கு. அவர் கையில் 20 ஒப்புட்டு, 100 முறுக்கு. ஆளுக்கு 20 முறுக்கு லாபம். வேகக்காரி என்பதற்காக நீங்கள் மூன்றே முக்கால் என்று இழுத்துப் பிடித்தால் லாபத்தில் பெரும்பங்கு உங்களுக்கே வரும், வளவில் பேச்சுவார்த்தை நின்றுபோகும். மூன்றே நல்லது.

கொங்கு நாடே இப்படித்தான் ஓடுகிறது. கோவை, திருப்பூர் மில்களுக்கு குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்து பஞ்சு வருகிறது. இங்கே பருத்தி விளையாதா என்ன? ஒரு காலத்தில் விளைந்த காடுகள்தான். அதே காட்டில் இன்றைக்குப் பருத்தி போட்டால், பல்லடம் பக்கம் ஒருவர் கோழிப்பண்ணை வருமானத்தை விடணும், பொள்ளாச்சியில் தென்னையை விடணும். திருப்பூரிலும் ஒரே கம்பெனி எல்லாவற்றையும் செய்வது குறைவு. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம் என்று ஜாப் ஒர்க்காகப் பிரித்துக் கொடுத்துத்தான் ஊர் வளர்ந்தது.

ரிக்கார்டோவின் கணக்கு சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் 1703 ஒப்பந்தத்திலேயே கதவைத் திறந்துவிட்டது. அந்நாட்டுத் துணித் தொழில் தலையெடுக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இன்றைக்கு எது மலிவோ அதையே செய்துகொண்டிருந்தால், நாளைக்கு வேறொன்றில் கை தேறும் வாய்ப்பும் போய்விடலாம். உங்கள் நங்கையாள் காலம் முழுக்க முறுக்குப் பிழிந்தால் ஒப்புட்டு அவருக்கு வரவே வராது. அவர் பழக ஆசைப்பட்டால் ஆர்டர் இல்லாத நாட்களில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பூரணம் இறுகாமல் கிளறுவதுதான் அவருக்கு இடிக்கிறது என்று நினைக்கிறேன், பாதிப் பேருக்கு அங்கேதான் இடிக்கும்.

கேள்வி: தாராபுரத்திலிருந்து திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் எடுக்கப் போனேன். நினைத்த சரக்கு கிடைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று பிடிக்காததையே ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டேன். செய்தது சரிதானே?

பதில்: இல்லைங்க. பஸ் காசு வாங்கினாலும் போனதுதான், வாங்காவிட்டாலும் போனதுதான். வெறுங்கையோடு திரும்பியிருந்தால் நஷ்டம் பஸ் காசோடு நின்றிருக்கும்.

கேள்வி: இருபது குவிண்டால் விரலி மஞ்சளை வேகவைத்து, பாலீஷ் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கொடுத்தால் குவிண்டால் 13,000 கிடைக்கும். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறேன். சொந்தக் குடோன், வாடகை இல்லை. வைத்திருப்பதில் எனக்கு என்ன செலவு? நகைக்கடன் மட்டும் ரெண்டு லட்சம், 9 சதவீத வட்டியில் ஓடுகிறது. (கொடுமுடி வாசகர்)

பதில்: கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு நகைக்கடன் வட்டி 9,000. குவிண்டாலுக்குப் பிரித்தால் 450 ரூபாய். சரக்கின் மதிப்பு 2,60,000. கடன் போக மீதி 60,000-ஐ வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் 2,100 வந்திருக்கும். அது குவிண்டாலுக்கு 105. காய்ந்து 2 சதவீதம் எடை குறைந்தால் இன்னொரு 260. எல்லாம் சேர்த்தால் 815. ஆறு மாதம் கழித்து விலை கிட்டத்தட்ட 13,800-க்கு வந்தால்தான் இன்றைய நிலைக்கே திரும்புவீர்கள். அதற்கு மேல் வருவதுதான் லாபம். வண்டு விழுந்தால் அதுவும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் மட்டும் என்றால், தவணை தவறாமல் கட்டுபவருக்கு வட்டி கிடையாது, கணக்கு கொஞ்சம் இளகும். உங்களுடையது நகைக்கடன்.

இப்படி யோசித்துப் பாருங்கள். மஞ்சளே உங்களிடம் இல்லை, கையில் ரொக்கமாக 2,60,000 இருக்கிறது. இன்றைக்கு ஏலத்துக்குப் போய் 13,000 விலையில் இருபது குவிண்டால் வாங்கி வைப்பீர்களா? மாட்டேன் என்றால், விற்காமல் வைத்திருப்பதும் அதே காரியம்தான். ஈரோட்டு மஞ்சள் 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதும், 2012-ல் 4,000 அளவுக்கு விழுந்ததும் உங்கள் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது.

ஏறவே ஏறாது என்று நான் சொல்லவில்லை. பதினாறு குவிண்டாலை இப்போது கொடுத்தால் 2,08,000 வரும், நகை வீட்டுக்கு வந்துவிடும். மீதி நாலு குவிண்டாலை ஈரம் படாமல் மூட்டை கட்டி வைத்து விலையைப் பாருங்கள்.