படகு நிழல்விரிப்பு: துணிக்கு முன்னால் நூலைப் பாருங்கள்

கேள்வி: முட்டுக்காட்டில் நிறுத்தியிருக்கும் எங்கள் 18 அடி ஃபைபர் படகின் நிழல்விரிப்பு இரண்டே ஆண்டுகளில் தையலோரமாகக் கிழிந்துவிட்டது. மழைக்கும் தாங்கும் பி.வி.சி. துணியில் புதிதாகத் தைத்துக்கொள்ளும்படி கடைக்காரர் சொல்கிறார். அது சரியா? (வாசகர், நீலாங்கரை)

பதில்: கிழிசல் தையலோரமாக விழுந்திருப்பதால், துணியைக் குறை சொல்வதற்கு முன்னால் நூலைச் சோதியுங்கள். பிரியாமல் மிச்சமிருக்கும் ஒரு தையலைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சுரண்டும்போது நூல் பொடிந்து அறுந்தால், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதை அரித்துவிட்டன என்று பொருள். விரிப்பின் மேற்புறத்தில் நூல் வெயிலுக்கு நேராக நிற்பதால், பெரும்பாலும் துணிக்கு முன்பே அது போய்விடுகிறது. துணியை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால் மறுதையல் போட்டாலே போதும், புதுத் துணிக்கான செலவு மிச்சம். புற ஊதாக் காப்புள்ள பாலியஸ்டர் நூலையாவது கேட்டு வாங்குங்கள், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூல் விலை அதிகம் என்றாலும் வெயிலில் நலிவதில்லை என்பதால், என் பரிந்துரை அதுதான்.

புதுத் துணியே வேண்டுமென்றால், நிழலுக்கு நான் பி.வி.சி.யைச் சொல்லமாட்டேன். அது மழையை முழுதாகத் தடுக்கும். ஆனால் காற்றுப் புகாததால், சென்னையின் புழுக்கத்தில் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இழையாக நூற்கும் முன்பே சாயம் சேர்க்கப்பட்ட அக்ரிலிக் துணி, சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் எடையில் கிடைப்பது, எளிதில் வெளுக்காது, ஈரத்தையும் வெளியேற விடும். வடகிழக்குப் பருவமழையில் படகை மூடிவைக்க மட்டும் தனியாக ஒரு பி.வி.சி. உறை வைத்துக்கொள்ளலாம்.

எந்தத் துணியானாலும் விரிப்பு தொய்யாமல் சரிவாக நிற்க வேண்டும்; ஒரு சதுர மீட்டரில் 2 செ.மீ. தண்ணீர் தேங்கினால் 20 கிலோ பாரம் தையலில் இறங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், பிற்பகல் கடற்காற்று வலுக்கும்போது ஆளில்லாத படகில் விரிப்பை விரித்தபடி விடாதீர்கள். விரிப்பைத் தாங்கும் சட்டத்துக்கு 316 தர எவர்சில்வர் குழாய் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 304 தரம் உப்புக்காற்றில் சீக்கிரம் துருக்கறை காட்டும்.

ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் நல்ல தண்ணீரில் உப்பை அலசி, முழுதாக உலர்ந்த பிறகே மடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஈரத்தோடு சுருட்டி உறைக்குள் திணித்தால், அடுத்த வாரம் பிரிக்கும்போது மடிப்பெல்லாம் கரும்புள்ளி படர்ந்திருக்கும்.